10க்கு 10 ரூம், 30 ஆயிரம் ரூபாய்: மிக்ஸிங்குக்கு எந்த ஹெட்ஃபோன், எந்த இண்டர்ஃபேஸ்?

மலைக்கோட்டைப்பையன் (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல ஒரு பெண்கள் குழு ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு பாடுவாங்க. இதுவரைக்கும் போன்ல ரெக்கார்டு பண்ணி வாட்ஸப்ல அனுப்புறதோட சரி. இந்த ஆடிக்கு ஒழுங்கா ட்ராக் ட்ராக்கா எடுத்து, மிக்ஸ் பண்ணி யூடியூப்ல ஏத்தணும்னு எல்லாருக்கும் ஆசை. ஒரு முன்பாட்டு, நாலைஞ்சு பேர் கோரஸ், உருமி, பம்பை, உடுக்கை, கொஞ்சம் கீபோர்டு. அவ்வளவுதான். பாட்டு ரெடியானா கோயில் மைக்செட்லயும் அதைத்தான் போடுவாங்க.

கையில இருக்கிறது: 16 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப், ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 மைக் ஒண்ணு. வாங்க வேண்டியது ஹெட்ஃபோனும், மைக்கை லேப்டாப்போட இணைக்கிற இண்டர்ஃபேஸ் பெட்டியும் (கடையில சவுண்ட் கார்டும்பாங்க). ரெண்டும் சேர்த்து 30 ஆயிரத்துக்குள்ள முடியணும்.

ஸ்பீக்கர் பேச்சே இல்லை. மாடியில 10க்கு 10 ரூம், நாலு பக்கமும் கான்கிரீட், கீழே வீட்டுக்காரர் குடும்பம். எனக்கு நேரம் கிடைக்கிறதே ராத்திரி பத்து மணிக்கு மேலதான்.

கடையில விசாரிச்சா, "நல்ல சவுண்ட் கார்டா 20 ஆயிரத்துக்கு எடுங்க, மிச்சத்துக்கு ஒரு ஹெட்ஃபோன் போட்டுக்கலாம்"ங்கிறார். யூடியூப்ல ஹெட்ஃபோனுக்குப் பாதிப் பேர் ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ்ங்கிறாங்க, பாதிப் பேர் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோங்கிறாங்க. அதுல 250 ஓம் மின்தடைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தனியா ஆம்ப் வேணும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். யார் சொல்றதைக் கேக்கிறதுன்னு தெரியல அண்ணன்களே, அக்காக்களே.

ரீல்ஸ்ராஜா

ப்ரோ இவ்ளோ யோசிக்காதீங்க. என்கிட்ட ஒரு கேமிங் ஹெட்செட் இருக்கு, 7.1 சரவுண்ட், பேஸ் சும்மா அடி தூக்குது. மிக்ஸ் எல்லாம் அதுலதான். மிச்சக் காசுக்கு லைட் வாங்கி வீடியோ எடுங்க.

சுருதிப்பெட்டி (திருச்சி)

ராஜா, அந்த பேஸ் உங்க பாட்டுல இல்லப்பா, ஹெட்செட்டுல இருக்கு. அதை நம்பி உருமியைக் குறைச்சா, வெளியில எங்க போட்டாலும் உருமி செத்துக் கிடக்கும். 7.1ஐ அணைச்சிட்டாவது மிக்ஸ் பண்ணுங்க. அது இடம் வலம் ரெண்டையும் கலந்து எதிரொலி சேர்த்துத் தர்ற பொய்.

ஓம்விதி (கோவை)

மலைக்கோட்டை தம்பி, கடைக்காரர் சொன்ன பங்கீட்டை அப்படியே தலைகீழாக்குங்க. பெரிய பங்கு ஹெட்ஃபோனுக்கு.

காரணம் சொல்றேன். இன்னைக்கு நுழைவு நிலையில கிடைக்கிற இண்டர்ஃபேஸ்கள் எல்லாமே தேவைக்கு மேல சுத்தம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஆம் தலைமுறையும் மோட்டு எம்2வும் 120 டெசிபெல் டைனமிக் ரேஞ்ச் (இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) சொல்றாங்க, ஆடியன்ட் எவோ 4க்கு 113. 16 பிட் சிடியோட எல்லையே 96தான். உங்க மைக்குக்குள்ள முதல்ல நுழையப் போற இரைச்சல் சீலிங் ஃபேன், அடுத்தது தெருநாய், அதுக்கு அடுத்தது லேப்டாப் ஃபேன். பெட்டிக்குள்ள மைக் சத்தத்தைப் பெருக்குற ப்ரீஆம்போட இரைச்சல் வரிசையில எங்கயோ பின்னால நிக்குது. 113க்கும் 120க்கும் உள்ள வித்தியாசத்தை உங்க ரூம்ல எந்தக் காதும் கண்டுபிடிக்காது.

ஹெட்ஃபோன் அப்படி இல்ல. ஒரே விலையில உள்ள ரெண்டு மாடலை எடுத்தாலும், 8 ஆயிரம் ஹெர்ட்ஸ்ல ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் 5 டெசிபெலுக்கு மேல வித்தியாசம் சாதாரணமா இருக்கும். பேஸ்லயும் அப்படித்தான். நீங்க எடுக்கிற ஒவ்வொரு ஈக்யூ முடிவும் (எந்த ஹெர்ட்ஸைக் கூட்டணும், எதைக் குறைக்கணும்ங்கிறது) அந்த வித்தியாசத்தின் மேலதான் உக்காந்திருக்கு.

இண்டர்ஃபேஸ்ல பார்க்க வேண்டியது வேற. முதல்ல ட்ரைவர். விண்டோஸ்ல அந்தக் கம்பெனியே எழுதிக் கொடுக்கிற ஏசியோ ட்ரைவர் (தாமதம் கம்மியா சத்தம் போக வர வைக்கிற சாஃப்ட்வேர்) இருக்கணும். ஏசியோ4ஆல்ங்கிற பொது ட்ரைவரைப் போட்டு ஓட்டிக்கலாம்னு யாராவது சொன்னா அந்தப் பெட்டியைத் தாண்டிப் போயிடுங்க. ரெண்டாவது, 48 வோல்ட் ஃபேண்டம், அதாவது மைக் வயர் வழியாவே மைக்குக்குப் போற மின்சாரம், ஏன்னா உங்க ஏடி2020 கண்டன்சர் மைக். மூணாவது, டைரக்ட் மானிட்டர், அதாவது பாடுறவங்க குரல் கம்ப்யூட்டருக்குள்ள போய்த் திரும்பாம நேரா காதுக்கு வர்ற வழி. மைக் சத்தத்தைத் தூக்குற அளவு, அதாவது கெயின், 55 டெசிபெலுக்கு மேல இருந்தா ஏடி2020க்குத் தாராளம். நாளைக்கு ஷூர் எஸ்எம்7பி மாதிரி சத்தம் கம்மியா தர்ற டைனமிக் மைக் வாங்குற எண்ணம் இருந்தா மட்டும் 60க்கு மேல தேடுங்க. 192 கிலோஹெர்ட்ஸ்னு அட்டையில பெருசா அச்சடிச்சிருப்பாங்க. நீங்க 48லேயே ரெக்கார்டு பண்ணப் போறீங்க, அதுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீங்க.

கேசட்காலம் (சென்னை)

நான் ரெக்கார்டிங் தியேட்டர்களில் டேப் ஓடிய காலத்தில் வேலை பார்த்தவன். கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெட்ஃபோனில் செய்த மிக்ஸ் வெளியே வந்து நின்றதை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்களுக்கு ஹெட்ஃபோன் என்பது கிளிக், மூச்சு, எடிட் ஒட்டு இவற்றைக் கண்டுபிடிக்கிற பூதக்கண்ணாடி. சமநிலை பார்க்க ஸ்பீக்கர்தான். 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 கேட்க இனிமையாகவே இருக்காது. அதில் ஒரு பாட்டைச் சரிசெய்துவிட்டால் மற்ற இடங்களில் பிழைத்துக்கொள்ளும் என்று உலகம் முழுக்க வைத்திருந்தார்கள்.

தம்பி, சின்னதாக ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கிப் பகலில் ஒரு மணி நேரம் கேட்டாலும் போதும்.

ஓம்விதி

> சின்னதாக ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கி

ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னால நான் ஒண்ணுமில்ல. ஆனா உங்க தியேட்டர் கட்டும்போதே காதுக்காகக் கட்டின இடம். தம்பியோட ரூம் தூங்குறதுக்குக் கட்டினது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 10 அடின்னா 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 343ஐ 6.1ஆல் வகுத்தா சுமார் 56 ஹெர்ட்ஸ். எதிரெதிர் சுவருக்கு நடுவுல அந்த அலை நின்னு ஆடும். நீளம் 10, அகலம் 10, நம்ம ஊர் வீட்டுல கூரை உயரமும் பெரும்பாலும் 10. மூணு திசையிலயும் அதே 56 ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அடுத்தது 112லயும் அப்படியே. கனசதுர ரூம் மிக்ஸிங்குக்கு எவ்வளவு மோசமோ அவ்வளவு மோசம். ரூம் நடுவுல உக்காந்தா 56 காணாமப் போகும், சுவரோரம் நகர்ந்தா காதை அடைக்கும். உருமியோட முனகலும் பம்பையோட அடியும் இருக்கிற பேட்டையில இப்படிக் குழப்பம். மூலைக்கு மூலை தடிமனா பேஸ் ட்ராப் (பேஸை உறிஞ்சுற மெத்தை) வெச்சாதான் கொஞ்சமாவது அடங்கும், அதுக்கு இடமும் இல்ல, காசும் இல்ல.

ஹெட்ஃபோனுக்கு ரூமே கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவருக்கு ஹெட்ஃபோன்ங்கிறேன்.

மலைக்கோட்டைப்பையன்

ரூம் நடுவுல நின்னு போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, என் அக்கா வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர்ல 112 ஹெர்ட்ஸ் ஓட விட்டுப் பார்த்தேன். ரெண்டடி நகர்ந்தா சத்தமே மாறுது. மிரண்டுட்டேன் அண்ணே. ஸ்பீக்கர் கனவை மூட்டை கட்டியாச்சு.

கேசட்காலம்

ரூம் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், அதில் வாதமில்லை. ஆனால் ஹெட்ஃபோன் செய்கிற வேறு கோளாறுகளையும் பையன் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் "ரூம் இல்லை, தொல்லை இல்லை" என்று முடித்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது பெட்டியின் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வந்து சேரும். ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு இல்லை. அதனால் கோரஸை இரண்டு பக்கம் விரித்து வைத்தால் காதோரம் நின்று பாடுவது போல பிரமாதமாக இருக்கும். அதையே பெட்டியில் போட்டால் விரிவு பாதியாகிவிடும். முன்பாட்டுக் குரல் தலைக்குள்ளேயே நிற்பதால் அது எப்போதும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு மயக்கம் வரும். மயங்கிக் குரலைத் தாழ்த்தி வைத்துவிடுவார்கள். ரிவெர்பும் (பாட்டில் சேர்க்கிற செயற்கை எதிரொலி) அதே கதைதான். ரூமின் எதிரொலி குறுக்கிடாததால் ரிவெர்பின் வால் கடைசிவரை கேட்கும், போதும் என்று நிறுத்திவிடுவார்கள், வெளியே வந்தால் பாட்டு வறண்டு கிடக்கும். புதிதாக ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்கிறவர்கள் கொண்டுவருகிற பாட்டுகளில் இந்த மூன்றையும் இன்றும் கேட்கிறேன்.

வன்னிக்குயில் (டொரொண்டோ)

வணக்கம். நான் இங்க அரங்கேற்றங்களுக்கு வாசிக்கிற பக்கவாத்தியம், பாட்டு, நட்டுவாங்கம் எல்லாத்தையும் பல ட்ராக்கில எடுத்து மிக்ஸ் பண்ணிக் குடுக்கிறனான். அப்பார்ட்மென்ட் எண்டபடியால் எனக்கும் ஹெட்ஃபோன்தான் கதி.

டிடி 990 பற்றிக் கேட்டிருக்கிறியள். திறந்த வகை, மெத்தெண்ட பேட், மணிக்கணக்காப் போட்டிருக்கலாம். ஆனா 8 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கிட்ட அதில ஒரு மேடு இருக்கு. நட்டுவாங்கத் தாளம் அதில கேக்கேக்க காதுக்குள்ள ஊசி இறங்கும். குத்துதெண்டு போட்டுக் குறைப்பியள். பிறகு காரில கேட்டா தாளம் துணி சுத்தின மாதிரி மந்தமா வரும். பாடுறவையின்ர 'ச'வும் அப்பிடித்தான். உங்கட குழுவில உடுக்கை இருக்கு, கோரஸில நாலைஞ்சு பேர் ஒரே நேரம் 'சக்தி'யெண்டு பாடப்போகினம். யோசிச்சுப் பாருங்கோ.

அது கூடாத ஹெட்ஃபோன் எண்டு சொல்ல வரேல்ல. அந்த மேட்டைப் பழகினவை அதிலயே அருமையா வேலை செய்யினம். முதல் ஹெட்ஃபோனா வாங்கிறதெண்டால் நான் அதைச் சொல்ல மாட்டன்.

இன்னொண்டு. திறந்த வகை ஹெட்ஃபோனைப் பாடுறவைக்குக் குடுக்காதேங்கோ. கீபோர்டும் தாளத்துக்குப் போடுற கிளிக்கும் வெளிய ஒழுகி மைக்குக்குள்ள போகும். ரெக்கார்டிங்குக்கு மூடின வகை வேணும். என்னட்ட அதுக்கு டிடி 770, 80 ஓம் இருக்கு.

ரீல்ஸ்ராஜா

அக்கா ரெண்டு ஹெட்ஃபோன் வாங்கணுமா அப்ப? 30 ஆயிரம் எங்க போறது 😅

சுருதிப்பெட்டி

வேண்டாம் ராஜா. பாடுறவங்களுக்கு வயர் உள்ள சாதாரண இன்-இயர் போதும். காதுக்குள்ள போய் அடைச்சுக்கிறதால ஒழுகுறதும் கம்மி. ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு இன்னொரு காதால தன் குரலைக் கேக்கிறதுதான் கோயில் பாட்டு பாடுறவங்களுக்கு வசதி. அப்படிச் செய்யும்போது கழட்டின பக்கத்துக்குப் போற சத்தத்தைச் சுத்தமா அணைச்சிடணும், இல்லாட்டி தொங்குற மொட்டுலேர்ந்து கிளிக் மைக்குல ஏறும்.

மூடின வகையிலயே ஒண்ணு வாங்கி ரெண்டு வேலையும் பாத்துக்கலாம்னா அதுக்கும் வழி இருக்கு. எம்50எக்ஸைவிட எம்40எக்ஸ் எனக்குப் பிடிக்கும். எம்50எக்ஸ்ல பேஸ் தூக்கலா இருக்கு, கேக்க ஜாலியா இருக்கும், ஆனா மிக்ஸ்ல பேஸ் குறைஞ்சு போயிடும். சோனி எம்டிஆர்-7506 1991லேர்ந்து மாறாம வருது. மேல்பக்கம் கொஞ்சம் கூர்மை, அதனாலேயே மூச்சு, கிளிக், பல் சத்தம் எல்லாம் பிடிச்சுக் கொடுக்கும். ஆனா ராத்திரி உக்காந்து மணிக்கணக்கா மிக்ஸ்தான் பண்ணப் போறீங்கன்னா திறந்த வகை. காது சூடாகாது, சத்தம் தலைக்குள்ள அடைச்சுக்காது. சித்திரை வைகாசியில மூடின ஹெட்ஃபோனைப் போட்டு ஃபேனையும் நிறுத்திப் பாருங்க, தெரியும்.

மலைக்கோட்டைப்பையன்

சரிக்கா, திறந்த வகைதான். அப்ப அந்த ஓம் சமாச்சாரம்? 250, 300னா தனி ஆம்ப் வாங்கணுமா?

ஓம்விதி

இதுக்குத்தான் காத்திருந்தேன்.

ஓமை மட்டும் பார்த்துப் பயப்படாதீங்க. கூடவே சென்சிடிவிட்டின்னு (கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கிறது) ஒரு எண் இருக்கும், அதுதான் முக்கியம். அது 1 மில்லிவாட்டுக்குச் சொல்லியிருக்காங்களா, 1 வோல்ட்டுக்குச் சொல்லியிருக்காங்களான்னும் பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாத்தி எழுதுவாங்க, நேரா ஒப்பிட்டா ஏமாறுவீங்க.

டிடி 990 ப்ரோ 250 ஓம்: 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். 250 ஓம்ல 1 மில்லிவாட் போறதுக்கு அரை வோல்ட் போதும். ஆக 1 வோல்ட்டுக்கு 6 டெசிபெல் கூடி 102.

சென்ஹைசர் எச்டி 600: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 97.

சென்ஹைசர் எச்டி 560எஸ்: 120 ஓம், 1 வோல்ட்டுக்கு 110.

நீங்க சராசரியா 80, 85 டெசிபெல்ல கேட்டாலும் உருமி அடி திடீர்னு 105 வரைக்கும் எகிறும்னு வெச்சுக்கலாம். அந்த 105க்கு 560எஸ் கேக்கிறது அரை வோல்ட்டுக்குச் சொச்சம். டிடி 990 கேக்கிறது 1.4 வோல்ட். எச்டி 600க்கு 2.5 வோல்ட் வேணும். யூஎஸ்பி 2 போர்ட்ல கிடைக்கிறது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், மொத்தம் 2.5 வாட். அதுலயே மைக்குக்கு 48 வோல்ட், கன்வெர்ட்டர், விளக்கு எல்லாம் ஓடணும். அதனால சின்னப் பெட்டிகள் ஹெட்ஃபோன் பக்கம் கஞ்சத்தனம் பண்ணும். 560எஸ்ஸை எந்தப் பெட்டியும் ஓட்டும். 990 பெரும்பாலும் சமாளிக்கும், ஆனா குமிழ் முக்கால் பங்கு தாண்டி நிக்கும். எச்டி 600ஐ மட்டும் மலிவுப் பெட்டியோட சேர்க்காதீங்க, உச்சத்துல மூச்சு வாங்கும்.

குறைஞ்ச ஓம் பக்கம் வேற தொல்லை. இண்டர்ஃபேஸோட ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கே ஒரு மின்தடை இருக்கு. ஹெட்ஃபோனோட ஓம் அதைப்போல எட்டு மடங்காவது இருக்கணும்ங்கிறது பொதுவான விதி. 32 ஓம் ஹெட்ஃபோனை 30 ஓம் வெளியீட்டுல சொருகினா பேஸோட வடிவமே மாறலாம், நீங்க வாங்கின ஹெட்ஃபோன் வேற, கேக்கிற ஹெட்ஃபோன் வேறன்னு ஆயிடும். 120 ஓம் இந்த விஷயத்துலயும் பாதுகாப்பான இடத்துல உக்காந்திருக்கு.

என் ஓட்டு எச்டி 560எஸ்.

மட்டுறுத்துநர்

கடை இணைப்புகள், "தள்ளுபடிக் குறியீடு" பதிவுகள் நீக்கப்பட்டன. இண்டர்ஃபேஸுக்குப் பதில் மிக்ஸர் கிரைண்டர் விற்ற அன்பருக்குத் தனி நன்றி.

வன்னிக்குயில்

560எஸ் நல்ல தெரிவு. கீழ் பேஸ் கொஞ்சம் மெலிவு, அதை மனசில வச்சிருங்கோ. உருமி போதாதெண்டு அள்ளிப் போட்டிடாதேங்கோ.

மலைக்கோட்டைப்பையன்

இண்டர்ஃபேஸ்ல இப்ப ரெண்டுல நிக்கிறேன். ஸ்கார்லெட் சோலோ 4ஆம் தலைமுறை, இல்லாட்டி எவோ 4. எதுவானாலும் ஹெட்ஃபோனோட சேர்த்து என் கணக்குல அடங்கும்போல இருக்கு.

ஓம்விதி

எவோ 4. சோலோவுல மைக் உள்ளீடு ஒண்ணுதான். இன்னைக்கு உங்ககிட்ட மைக் ஒண்ணுதான் இருக்கு, ஆனா உருமியும் பம்பையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசிச்சாதான் சூடு பிடிக்கும். தனித்தனியா கிளிக்குக்கு வாசிக்கச் சொன்னா அடிக்கிறவர் கையே வராது. சீக்கிரமே இன்னொரு மைக் வாங்குவீங்க. எவோ 4ல ரெண்டு மைக் உள்ளீடும் 58 டெசிபெல் கெயினும் இருக்கு. ஸ்மார்ட்கெயின்னு ஒரு பொத்தானை அழுத்திட்டு அவங்களை முழு வேகத்துல ஒரு வரி பாடச் சொன்னா அதுவே அளவை வெச்சுக்கும். நீங்களே கீபோர்டும் வாசிச்சு ரெக்கார்டும் பண்ற ஆள், உங்களுக்கு அது உதவும். ஸ்கார்லெட்ல இதே வசதி 2ஐ2ங்கிற மாடல்லேர்ந்துதான் ஆரம்பம், சோலோவுல கிடையாது.

பாடும்போது ரீப்பர்ல பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கிற சத்தத் துண்டோட அளவு) 128 சாம்பிள் வையுங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 2.7 மில்லிசெகண்ட், போக வர எல்லாம் சேர்ந்தா கொஞ்சம் கூடும். மிக்ஸ் பண்ணும்போது 512, 1024ன்னு ஏத்திடுங்க, தாமதம் அப்ப பொருட்டில்ல, லேப்டாப் மூச்சுத் திணறாம இருக்கும்.

சுருதிப்பெட்டி

பொருள் முடிவாயிடுச்சு. இனிமே எப்படிக் கேக்கணும்ங்கிறதைக் கொஞ்சம் விரிவா எழுதறேன். கேசட்காலம் சார் சொன்ன மூணு கோளாறுக்கும் இதுதான் மருந்து.

முதல்ல, மிக்ஸை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால அந்த ஹெட்ஃபோன்ல பாட்டு கேளுங்க. உங்களுக்கு மனப்பாடமான அம்மன் பாட்டா, கோயில்லயும் பஸ்லயும் கல்யாண மண்டபத்துலயும் கேட்டுப் பழகின பாட்டா எடுங்க. அதுல உருமி எவ்வளவு, குரல் எவ்வளவு, ரிவெர்ப் எவ்வளவுன்னு இந்த ஹெட்ஃபோன் வழியா காதுல பதியணும். அப்புறம் அதே பாட்டை உங்க ரீப்பர் ப்ராஜெக்ட்லயே ஒரு ட்ராக்கா போட்டு வெச்சுக்கோங்க. வெளியான பாட்டு மாஸ்டரிங் முடிஞ்சு சத்தமா இருக்கும், அதனால உங்க மிக்ஸ் அளவுக்கு அதைக் குறைச்சிட்டுத்தான் ஒப்பிடணும். சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி காது ஏமாத்தும்.

அடுத்து ஒலியளவு. ராத்திரி மெல்லமா வெச்சுக் கேட்டா பேஸ் குறைவாத் தெரியும். இது 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டின விஷயம். குறைவாத் தெரியுதேன்னு நீங்க கூட்டுவீங்க, காலையில சத்தமா கேட்டா கொட கொடங்கும். அதனால பேச்சுக்குரல் அளவுக்குக் கொஞ்சம் மேல ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, சமநிலை பாக்கும்போதெல்லாம் அதே நிலைக்கு வாங்க. நடுநடுவே ரொம்ப மெல்லமா வெச்சும் பாக்கணும், குரல் மட்டும் தனியா மிதந்து வந்தா சரி. ராத்திரி ஆக ஆகக் குமிழை ஏத்திக்கிட்டே போகாதீங்க. 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு எல்லைன்னு வெச்சிருக்காங்க, 88ல அது நாலு மணி நேரமாச் சுருங்கிடும்.

இப்ப உங்க மைக்செட். இங்க யாரும் இதைப் பேசல, ஆனா உங்க பாட்டு உண்மையில ஒலிக்கப் போற இடம் அதுதான். வேப்பமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கருக்கு இடம் வலம் கிடையாது, எல்லாம் மோனோ. பேஸும் கிடையாது, மேல்பக்கத்துப் பளபளப்பும் கிடையாது, நடுப்பகுதி மட்டும்தான் வரும். ரீப்பர்ல மாஸ்டர் ட்ராக்ல மோனோ பொத்தான் இருக்கு, அதை அழுத்துங்க. மானிட்டரிங் எஃப்எக்ஸ்ல (நீங்க கேக்கிறதை மட்டும் மாத்துற இடம்) ரீப்பரோட ஈக்யூவான ரீஈக்யூ போட்டு 400 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 5 ஆயிரத்துக்கு மேலயும் வெட்டிடுங்க. குழாய் கிட்டத்தட்ட வந்துடும். இப்ப உருமி கேக்குதா? அநேகமா கேக்காது. கீழ் முனகல் போயிட்டா, குச்சியால தேய்க்கிற அந்த உராய்வு சத்தம்தான் உருமியைக் காட்டிக் கொடுக்கணும். அதை நடுப்பகுதியில கொஞ்சம் தூக்குங்க, லேசா சாச்சுரேஷன் (மெல்லிய சிதைவு) கொடுங்க. கோரஸை ஒரே டேக்கைக் காப்பி பண்ணி, சில மில்லிசெகண்ட் தள்ளி வெச்சு விரிச்சிருந்தா மோனோவுல அது ஒண்ணையொண்ணு தின்னுடும், குரல் தண்ணிக் குழாய்க்குள்ளேர்ந்து பேசற மாதிரி ஆகும். விரிக்கணும்னா ரெண்டாவது தடவை உண்மையாவே பாட வைங்க. நாலு அக்காவும் வந்திருக்காங்க, பாடச் சொன்னா பாடப் போறாங்க.

கேசட்காலம்

சுருதிப்பெட்டி அம்மா சொன்னதில் குழாய்ச் சோதனை அருமை. நாங்களும் ஆரடோன் என்று ஒற்றை ஸ்பீக்கர் சதுரப் பெட்டி வைத்து இதைத்தான் செய்தோம். பையன், ரிவெர்பை மட்டும் ஹெட்ஃபோனில் முடிவு செய்யாதே. அக்கா வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறதே, அதை வயரில் இணைத்துப் பகலில் மெல்ல ஓடவிட்டுக் கேள். அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஹெட்ஃபோனே போதும் என்கிற கட்சியில் நான் இன்னும் சேரவில்லை.

ஓம்விதி

சேர வேண்டாம் ஐயா, அந்த ஸ்பீக்கர் யோசனைக்கு நானும் கைதூக்குறேன்.

மானிட்டரிங் எஃப்எக்ஸ்னு அக்கா சொன்னதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதைச் சேர்க்கிறேன். ஹெட்ஃபோனோட மேடு பள்ளத்தைச் சமப்படுத்த சவுண்ட்ஐடி ரெஃபரென்ஸ் மாதிரி காசு கொடுத்து வாங்குறதும் உண்டு, ஆட்டோஈக்யூவுல இலவசமா கிடைக்கிற அளவுகளும் உண்டு. அதைச் சாதாரண மாஸ்டர் எஃப்எக்ஸ்ல போட்டு, ரெண்டர் பண்ணும்போது, அதாவது கடைசிப் பாட்டு ஃபைலை எடுக்கும்போது, அணைக்க மறந்தா, உங்க ஹெட்ஃபோனுக்கான மருந்து ஊர் முழுக்கப் பாட்டுல ஏறிடும். மானிட்டரிங் எஃப்எக்ஸ்ல போட்டா அது ரெண்டர்ல சேராது. ஈக்வலைசர் ஏபிஓ போட்டு விண்டோஸ்லயே சரி பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, ஏசியோ வழியாப் போற சத்தத்தை அது தொடாது.

இடம் வலம் கலப்புக்கு கிராஸ்ஃபீட் ப்ளக்இன்களும் இருக்கு, அதையும் அதே இடத்துல போடலாம். எனக்கு அதுல பெரிய ஈடுபாடு இல்ல. ஆரம்பத்துல எந்தத் திருத்தமும் போடாம அந்த ஹெட்ஃபோனோட பழகுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.

மலைக்கோட்டைப்பையன்

ரெண்டும் வந்துடுச்சு. 560எஸ், எவோ 4. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல் பாட்டுக்கு முன்பாட்டும் உருமியும் எடுத்தாச்சு. ஹெட்ஃபோன்ல பெரிய ஜாக் இருக்கு, நேரா எவோவுல உக்காந்துடுச்சு.

ஒரு தொல்லை. மைக் மட்டும் இருந்தா சுத்தமா இருக்கு. கீபோர்டை எவோவோட இணைச்ச உடனே "ஞொய்ய்ய்"னு ஒரு இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழட்டினா நின்னுடுது. எவோவுல கோளாறா?

ஓம்விதி

எவோவுல கோளாறு இல்ல. சார்ஜரைக் கழட்டினா நிக்குதுன்னா அது எர்த் சுழற்சி. லேப்டாப் சார்ஜர் ஒரு வழியா, கீபோர்டு அடாப்டர் இன்னொரு வழியா, ஆடியோ வயர் நடுவுல பாலம் போட்டு, அந்த வட்டத்துல சார்ஜரோட இரைச்சல் ஓடுது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிப் பாருங்க, பாதி குறையும். அந்த ப்ளக் பாயிண்ட்ல எர்த் உண்மையிலேயே இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. பழைய வீட்டு மாடி ரூம்ல மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்கு வயரே போயிருக்காது. அப்பவும் வந்தா கீபோர்டுக்கும் எவோவுக்கும் நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (நேரடி மின் தொடர்பைத் துண்டிச்சு சத்தத்தை மட்டும் கடத்துற பெட்டி) ஒண்ணு. அது வர்ற வரைக்கும் கீபோர்டு எடுக்கிற நேரம் மட்டும் லேப்டாப்பை பேட்டரியில ஓட்டுங்க.

யாராவது சார்ஜரோட எர்த் பின்னை உடைச்சு விட்டா சரியாயிடும்னு சொல்வாங்க. இரைச்சல் போகும்தான், ஆனா மைக்கைத் தொடுற அக்காவுக்கு ஷாக் அடிக்கும். அதை மட்டும் செய்யாதீங்க.